லைட்டில் போனவளும் ஃபிளெக்ஸில் நின்றவனும்

தோஹாவுக்குப் போய்ச் சேர எடுத்த நேரத்தைவிட, தோஹாவுக்கு டிக்கெட் போட எடுத்த நேரம் கூட. மூன்று பின்னேரங்கள். முப்பது வருடம் கல்முனையில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று டிக்கெட் விலைக்குள் எதை எடுப்பது என்று விளங்காமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்ததை என்னிடம் படித்தவர்கள் யாரும் அறிந்துவிடக் கூடாது என்று ஒருவரிடமும் உதவி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

விஷயம் சின்னது. தோஹாவில் இருக்கும் மகள் ரிஸ்னாவுக்கு இரண்டாவது பிள்ளை கிடைக்கப் போகிறது. மூத்தவள் அம்னாவுக்கு நான்கு வயது. மருமகன் பாஹிமுக்கு ஒரு களஞ்சியசாலையில் வேலை, கிழமைக்கு ஆறு நாள். ஆகவே என் மனைவி ஜெஸீமா போய், பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடியும்வரை மகளோடு நிற்பது. பிள்ளை எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது, எனவே அவளுடைய டிக்கெட் திகதி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். நான் கூடப் போய், இரண்டு கிழமை தின்று உறங்கிவிட்டு, இறக்காமத்து வயலின் நெல் வெட்டுக்குத் திரும்பி வருவது. அந்த வயல் அவளுடையது. எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணோடுதான் வரும். நான் அவற்றுக்குள் வந்து குடியேறியவன்.

இணையத்தில் பார்த்தால் ஒரே விமானம், ஒரே வரிசை, ஒரே அளவுக் கதிரை, ஒரே கோழிச்சோறு. விலை மட்டும் மூன்று. முதலாவதின் பெயர் லைட். அதில் கைப்பையைத் தவிர வேறு பொதி கொண்டுபோக முடியாது, திகதி மாற்ற முடியாது, யாருக்குப் பக்கத்தில் இருப்பது என்றுகூடத் தெரிவு செய்ய முடியாது. இரண்டாவது வேல்யூ, அதற்கு ஒரு பொதி உண்டு. மூன்றாவது ஃபிளெக்ஸ். முப்பது கிலோ, விரும்பிய நாளுக்கு மாற்றலாம் என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அவளுக்கு ஃபிளெக்ஸ், எனக்கு லைட் என்று தீர்மானித்தேன். அந்தத் தளம் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஒன்றாகப் பதிந்தால் இரண்டு பேரும் ஒரே வகுப்பாம். புருஷனும் பெண்சாதியும் எல்லாவற்றிலும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று அது நினைத்தது போலும். சரி என்று தனித்தனியாகப் பதிந்தேன். பணம் கட்டும் கட்டத்தில் வங்கி ஓர் இலக்கத்தை போனுக்கு அனுப்பும். எங்கள் வீட்டில் போன் சிக்னல் கிணற்றடியில்தான். நான் கிணற்றடிக்கு ஓடி இலக்கத்தைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தால், நேரம் முடிந்துவிட்டது, மறுபடி தொடங்கவும் என்று திரை சொல்லும். தொடங்கினால் விலை கூடியிருக்கும். மூன்றாவது பின்னேரம் இரண்டு டிக்கெட்டும் விழுந்தன. கொமினிகேசன் கடையில் அச்செடுத்து, இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கோவைக்குள் வைத்துவிட்டேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில், கவுண்டரில் இருந்த பிள்ளை இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டு மிக மரியாதையாகச் சொன்னாள். மெடம் பதினான்காம் நாள் திரும்புகிறா, பொதி இல்லை. சேர் இரண்டு மாதம் கழித்துத் திரும்புகிறார், முப்பது கிலோ கொண்டுபோகலாம்.

அவள் மாறி வாசித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். கணினி முதலாவது பதிவில் என் பெயரை நினைவு வைத்திருந்து, நான் கிணற்றடிக்கு ஓடிய ஏதோ ஒரு முறையில், ஃபிளெக்ஸுக்குள் தானாகவே என்னை எழுதிவிட்டது. என்னுடையது முடிந்தது என்று எண்ணி, மிச்சமிருந்த லைட்டுக்குள் நானே என் கையால் ஜெஸீமாவை எழுதியிருந்தேன்.

ஜெஸீமா என்னைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடத்தில் அந்தப் பார்வையை நான் மூன்று முறைதான் கண்டிருக்கிறேன். பிறகு மாசிக் கருவாடு, கொச்சிக்காய்த் தூள், தொதல் இனிப்பு, பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிக் கொடுக்கும் சரக்குக் கறிக்கான தூள் எல்லாம் அடைத்த இரண்டு பெட்டிகளையும் என் பெயரில் தராசில் தூக்கி வைத்தாள். கைப்பையில் அவள் ஒளித்துவைத்திருந்த சட்டித் தயிரை உள்ளே சோதனையில் எடுத்துவிட்டார்கள். அந்தத் தயிர் போனதும் என் பிழையாகவே கணக்கிடப்பட்டது.

தோஹா மாசி மாதத்தில் குளிராக இருந்தது. வெயில் கொளுத்தும் என்று நினைத்து மெல்லிய சாரன்களாகக் கொண்டு போயிருந்தேன். முதல் நாள் காலையில் மருமகனின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே தேநீர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் மலையாளி. பாலையும் தேயிலையையும் ஏலத்தையும் சேர்த்து அரை மணித்தியாலம் கொதிக்க விட்டு, சின்னக் கடதாசிக் கோப்பையில் ஊற்றித் தருகிறார். பால் விடாத எங்கள் பிளேன்டியைக் குடித்துப் பழகியவனுக்கு அது தேநீரல்ல, சாப்பாடு. ஆனால் இரண்டாம் நாளே பழகிவிட்டது. காரில் வருகிறவர்கள் இறங்குவதில்லை. கடை வாசலில் ஹோர்னை அடிக்கிறார்கள், தேநீர் காருக்குப் போகிறது. கல்முனையில் ஒருவன் அப்படி ஹோர்ன் அடித்தால் தேநீர் போகாது, வேறு ஏதாவது போகும்.

மலையாளியிடம் டிக்கெட் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் மகனின் கலியாணத்துக்குப் போக வாங்கிய டிக்கெட்டில் போகும் திகதியில் ஓர் இலக்கம் பிழையாகி, கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் ஊரில் போய் இறங்கியதாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் மனம் ஆறியது.

விமானக் கம்பனியின் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்டேன். பிறகு எந்த நாட்டிலோ இருந்து ஓர் இளைஞன் பேசினான். இரண்டு டிக்கெட்டிலும் பெயரை மாற்றிப் போட்டால் போதும், கம்பனிக்கு ஒரு சதம் நட்டமில்லை என்று விளக்கினேன். பெயர் மாற்றம் எந்த வகுப்பிலும் இல்லை என்றான். நாங்கள் கணவன் மனைவி என்றேன். மகிழ்ச்சி ஐயா, ஆனால் கணினி ஏற்காது என்றான்.

நான்காம் நாள், அம்னாவுக்குக் கடல் காட்டுவதற்காக மெட்ரோ ரயிலில் போனோம். ரயில் வந்ததும் கூட்டமில்லாத ஒரு பெட்டியைக் கண்டு ஏறினேன். அகலமான கதிரைகள், ஒரு சத்தமில்லை. எதிரே வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் மட்டும் கண்ணை மூடியிருந்தார். ஆஹா என்று சாய்ந்தேன். சீருடை போட்ட ஒருவர் வந்து என் அட்டையைப் பார்த்துவிட்டு, இது தங்க வகுப்பு, உங்களுடையது சாதாரண வகுப்பு என்று காதோடு சொன்னார். எழும்பிப் போய்ப் பார்த்தால், ஜெஸீமாவும் அம்னாவும் அடுத்த பெட்டியில், குடும்பங்களுக்கான இடத்தில் சொகுசாக இருந்தார்கள். அவர்களுக்கு எந்த வகுப்பு என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகச் சரியான இடத்தில் ஏறியிருந்தார்கள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் போனால் ஒரே வகுப்புத்தான். உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க என்று கண்டக்டர் எல்லோரையும் சமமாகத் தள்ளுவார்.

டொக்டர் சொன்ன திகதி வந்தது, போனது. பிள்ளை அசையவில்லை. இன்னும் ஒரு கிழமை பார்க்கலாம் என்றார்கள். ஜெஸீமா திரும்ப வேண்டியது வியாழக்கிழமை, அவளுடைய லைட் டிக்கெட்டுக்கு நான்கு நாள்தான் இருந்தது.

நான் விமானக் கம்பனியின் காரியாலயத்துக்கே போனேன். அங்கே இருந்த பிலிப்பைன் பெண் பொறுமைசாலி. மனைவியின் டிக்கெட்டுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்பதை முதலில் சொல்லிவிட்டாள். அப்படியானால் அவளை இங்கே விட்டுவிட்டு, என் ஃபிளெக்ஸை முன்னுக்கு மாற்றி நான் வெட்டுக்குப் போகிறேன், அந்த வியாழக்கிழமைக்கே மாற்றித் தாருங்கள் என்றேன். அவள் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு டிக்கெட்டுக்குள்ளும் ஓர் எழுத்து ஒளிந்திருக்கிறதாம். என்னுடையது கே. வியாழக்கிழமை விமானத்தில் கே இல்லை.

“இடம் இல்லையா?” என்று கேட்டேன்.

“இடம் முப்பது இருக்கிறது. கே இல்லை.”

வேறு எழுத்துக்கு மாறலாம், வித்தியாசத்தைக் கட்ட வேண்டும் என்றாள். வித்தியாசத்தைப் பார்த்தேன். முழு டிக்கெட்டையும்விட அது பெரிது. ஒரு முழுத்தொகையைவிட அதன் வித்தியாசம் பெரிதாக இருப்பதை முப்பது வருடத்தில் அன்றுதான் கண்டேன். ஃபிளெக்ஸ் என்றால் வளையும் என்று பொருள். என்னைத்தான் வளைத்தது.

வீட்டுக்கு வந்து, அம்னா படம் கீறிய தாளின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டேன். ஜெஸீமா நின்றால் அவளுடைய டிக்கெட் வீண், பிறகு ஒரு புதிய டிக்கெட், எனக்கு வித்தியாசம். ஜெஸீமா போய் நான் நின்றால் ஒரு சதம் செலவில்லை. விடை வந்தால் அது புத்திக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பிள்ளை பெறப் போகும் மகளிடமிருந்து தாயை அனுப்பிவிட்டுத் தகப்பன் நிற்பது எந்தப் புத்திக்கும் பொருந்தாது. தாளைக் கசக்கினேன். பாஹிமும் காசைப் பார்க்க வேண்டாம் மாமா, நான் பார்க்கிறேன் என்றான். ஜெஸீமா நிற்பது என்று முடிவாகிவிட்டது.

அடுத்த நாள் காதர் காக்காவின் அழைப்பு வந்தது. இறக்காமத்தில் எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர் அவர். முந்திய நாள் மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு நான்கு யானைகள் இறங்கி, அவருடைய மூலை வயலை உழக்கிவிட்டுப் போயிருக்கின்றன. இனி ஒருவரும் காத்திருக்கப் போவதில்லை, அந்தப் பகுதி முழுவதும் முந்தியே வெட்டுகிறார்கள். வெட்டு மெசின் எங்கள் வயலுக்கு வருவது சனிக்கிழமை. அன்று ஆளில்லாவிட்டால் மெசின் அடுத்த பகுதிக்குப் போய்விடும், திரும்பி வரப் பத்து நாளாகும், அதுவரை யானை பொறுக்காது.

வித்தியாசம் எவ்வளவானாலும் கட்டிவிட்டு நான் போகிறேன் என்று சொன்னேன். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். காரணம் உண்டு. போன போகத்தில் வெட்டுக்குப் போய், ஒரு மணித்தியாலம் வெயிலில் குடையோடு நின்று, அடுத்தவருடைய நெல்லுக்குக் காவல் காத்துவிட்டு வந்தவன் நான். மெசின்காரர் அம்பாறைப் பக்கத்துச் சிங்களவர், ஜெஸீமாவுக்கு மட்டும்தான் பயப்படுவார்.

சிரித்து முடிந்ததும் ரிஸ்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

“உம்மா, நீங்க போங்க. வாப்பா நிக்கட்டும்.”

ஜெஸீமா அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டத் தேவையில்லாத கறி. வெகுநேரம் கிண்டினாள்.

“இவருக்கு ஒரு பிளேன்டி ஊத்தத் தெரியா.”

“படிப்பிச்சிட்டுப் போங்க. அம்னாவப் பாக்கவும் ஆக்கித் தரவும்தானே ஆள் வேணும். பெறுறது நான்தானே.”

அவள் அதை லேசாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாய் பின்னால் போனாள். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அரை மணித்தியாலம் கழித்து ஜெஸீமா வெளியே வந்து, கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு குசினிக்கு வரச் சொன்னாள்.

அடுத்த இரண்டு நாளும் நான் மாணவன். சோற்றுக்குத் தண்ணீர் அளவு, சரக்குக் கறிக்கு மிளகு எவ்வளவு, பிள்ளை பெற்றவளுக்கு எந்த மீன் ஆகும், எது ஆகாது. எழுதியதைத் திருப்பிக் கேட்டாள். பிழையாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. என் வகுப்பில் இருந்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு இந்த வயதில்தான் விளங்கியது. முதல் நாள் வைத்த மீன்கறியை அம்னா முகர்ந்து பார்த்துவிட்டுப் பாண் கேட்டாள். இரண்டாம் நாள் தின்றாள்.

வியாழக்கிழமை விமான நிலையத்தில் ஜெஸீமா அழவில்லை. கைப்பையோடு லைட்டாக நின்றாள். உள்ளே போகும் இடத்தில் கடவுச்சீட்டைக் காட்டப் போனவள் வரிசையை விட்டுத் திரும்பி என்னிடம் வந்தாள்.

“இஞ்சாருங்க, மகளுக்கு நோவு வந்தா எனக்கு உடன சொல்லாதீங்க. பொறந்தாப் பொறகு சொல்லுங்க. அவ்வளவு தூரத்துல இரிந்து என்னால தாங்க ஏலா.”

ஓம் என்றேன். அவள் போய்விட்டாள். அந்த விமானத்தில் வெறுமையாகப் போன கதிரைகளில் ஒன்றைக்கூட எனக்குத் தராத கம்பனியின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. பள்ளிக்கூட வாத்தி எழுதக்கூடிய சொற்கள் அல்ல அவை.

சனிக்கிழமை காலை, பாஹிம் வேலைக்குப் போய் ஒரு மணித்தியாலம் கழித்து, ரிஸ்னா குசினி வாசலில் வந்து நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, வாப்பா, போவோம் என்றாள். அடுப்பை அணைத்தேன். அம்னாவுக்கு ஒரு காலில் ஒரு சப்பாத்தும் மறுகாலில் வேறொன்றும் போட்டேன். கீழே ஒரு டாக்சி மறித்தோம்.

சாரதி நேபாளத்துக்காரர், தோஹாவுக்கு வந்து இரண்டு மாதம்தான். போனில் வரைபடம் காட்டிய வழியே போய், ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைத் துணி ஏற்றும் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ரிஸ்னா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. சாரதி எங்களைப் பார்த்தார், மூடிய வாசலைப் பார்த்தார், பிறகு இறங்கி ஓடினார். எங்களை விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்றே நினைத்தேன். சில நிமிடத்தில் ஒரு சக்கர நாற்காலியையும் ஒரு தாதியையும் இழுத்துக்கொண்டு வந்தார். தன் மனைவிக்கும் ஊரில் நாள் நெருங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு, வாடகையை வாங்க மறந்து போய்விட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மகளை உள்ளே கொண்டுபோனார்கள். நானும் அம்னாவும் நடையில் இருந்தோம். பாஹிமுக்கு அறிவித்தேன், அவன் நகரத்தின் மறுகோடியிலிருந்து வர வேண்டும். அந்த நேரம் பார்த்து ஜெஸீமாவின் அழைப்பு வந்தது. பின்னால் மெசின் சத்தம். மெசின் வயலுக்கு வந்து பாதி வெட்டியாகிவிட்டது, நெல் நல்லம் என்று சொன்னாள். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டாள்.

“தூங்குறா” என்றேன்.

அம்னா வாயைத் திறந்தாள். கையிலிருந்த தொதல் துண்டை அவள் வாயில் வைத்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மெசின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஜெஸீமா, “சரி, தூங்கட்டும்” என்று சொல்லிப் போனை வைத்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கணக்கு வாத்தி வேலையில் நான் எத்தனையோ பேரின் பரீட்சைப் பெறுபேற்றுக்குக் காத்திருந்திருக்கிறேன். அவையெல்லாம் ஒன்றுமில்லை. நடையின் ஓடுகளை எண்ணினேன். பிழைவிட்டுப் பிழைவிட்டு மறுபடி எண்ணினேன்.

பகல் பன்னிரண்டு மணியளவில் ஒரு மலையாளத் தாதி வெளியே வந்தாள். ரிஸ்னாவின் உம்மா எங்கே என்று தன் பாஷையில் கேட்டாள். நடையில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். நான் எழும்பினேன்.

“உம்மா ஊர்ல வெள்ளாம வெட்டுறா. நான்தான் இரிக்கன்.”

அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை ஆண். மூன்றேகால் கிலோ. வெள்ளைத் துணியால் சுற்றி என் கையில் தந்தார்கள். ரிஸ்னா களைத்துப்போய்க் கிடந்தாள், என்னைக் கண்டதும், அடுப்ப அணைச்சீங்களா வாப்பா என்று கேட்டாள். பாஹிம் வேலைச் சட்டையோடு ஓடி வந்து, பிள்ளையின் காதில் பாங்கு சொன்னான்.

பிறகு நான் ஜெஸீமாவுக்கு வீடியோவில் எடுத்தேன். முதலில் வானம் தெரிந்தது, பிறகு அவளுடைய முகம், தலையில் முக்காட்டுக்கு மேல் ஒரு தொப்பி. மெசின் இரைந்துகொண்டிருந்தது. நான் போனைப் பிள்ளையின் பக்கம் திருப்பினேன். அவள் கையை உயர்த்தினாள். மெசின் நின்றது. மணிக்கணக்குக் கூலிக்கு ஓடும் மெசின் அது.

மெசின்காரர் இறங்கி வந்து அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் என்னவோ சொன்னார். காதர் காக்காவும் சாக்குப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் வந்து திரைக்குள் தலையை நீட்டினார்கள்.

“மகளக் காட்டுங்க முதல்ல” என்றாள் ஜெஸீமா.

காட்டினேன். தாயும் மகளுமாக இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு ஜெஸீமா முக்காட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மழை இருட்டுகிறது, மிச்சத்தை வெட்ட வேண்டும் என்று சொல்லி, போனை வயல் வரம்பில் வைத்துவிட்டுப் போனாள். அழைப்பை நிறுத்த மறந்துவிட்டாள். மெசின் மறுபடி இரையத் தொடங்கியது. திரையில் இறக்காமத்து வானமும் ஓரத்தில் நான்கு நெற்கதிரும் தெரிந்தன. அவ்வப்போது ஒரு கொக்கு குறுக்கே போனது. நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் நிறுத்தவில்லை.